உலகச் செய்திகளுக்குச் சொல்லப்படும் ‘உண்மையான பின்னணி’யை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி: கட்டபெட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே கட்டபெட்டில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். மாலையில் பறித்த இலையை எடை போட்டுப் பைகளில் கட்டிவிட்டுத் தொழிற்சாலை லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் ஊரார் பேசுவது பெரும்பாலும் உலக அரசியல்தான். பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அதற்கு உக்ரைன் போர் காரணமா, செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவது காரணமா, அமெரிக்கா விதித்த வரி காரணமா என்று யோசிப்பதில் தவறு இல்லை. எங்கள் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் சில ஆண்டுகளாக அந்தப் பேச்சின் போக்கு மாறிவிட்டது. உலகில் எது நடந்தாலும், செய்தி வந்த சிறிது நேரத்திலேயே, “ஊடகங்கள் இதைச் சொல்லாது, உண்மையான பின்னணி வேறு” என்று தொடங்கும் ஒரு குரல்பதிவு எல்லா வாட்ஸ்ஆப் குழுக்களிலும் வந்து விழுகிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கிக்கொண்டபோது, அதிலுள்ள பெட்டிகளுக்குள் கடத்தப்பட்ட குழந்தைகள் இருப்பதாக ஒரு செய்தி பரவியது. என் தோழிகளே அதை எனக்கு அனுப்பினார்கள். ஆறு நாட்களில் கப்பல் மீட்கப்பட்டது. குழந்தைகள் யாரும் இல்லை. அனுப்பியவர்களில் ஒருவரும் அதைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

என் கவலை என் பெரியப்பாவைப் பற்றியது. அவர் விவரம் தெரியாதவர் அல்லர். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருந்தவர், நாளிதழை வரி விடாமல் படிப்பவர். நான் மறுத்துப் பேசினால் அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. “ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2003-இல் உலகத்துக்கே சொன்னார்களே, இருந்தனவா? ஈரானில் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் தன் கை இருந்ததை அமெரிக்க உளவுத்துறை அறுபது ஆண்டு கழித்து ஒப்புக்கொள்ளவில்லையா? அன்றைக்கே இதைச் சொன்னவனையும் வதந்தி பரப்புகிறவன் என்றுதானே சொல்லியிருப்பார்கள்?” என்கிறார். அவர் சொல்லும் இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டைக் காட்டியே, அன்றன்று வரும் எல்லாக் குரல்பதிவுகளையும், நெருப்பில்லாமல் புகையாது என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

அரசுகள் மறைக்கும் என்று தெரிந்த பிறகு, எதைச் சந்தேகிப்பது நியாயம், எது வெறும் கற்பனை என்று, ஆவணக் காப்பகமோ தூதரகமோ எட்டாத எங்களைப் போன்றவர்கள் எதை வைத்துப் பிரிப்பது? பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் இதைப் பேச வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில்: உதகை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

அம்மா, உங்கள் பெரியப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு அவரிடம் பேச முடியாது. மெய்ப்பிக்கப்பட்ட சதிகள் வரலாற்றில் உண்டு. அவை எப்படி வெளிப்பட்டன என்பதை அவரோடு சேர்ந்து பார்ப்பதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு 1956-ஆம் ஆண்டுச் சூயஸ் நெருக்கடியை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அந்த ஆண்டு ஜூலையில் எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் எகிப்தின் சினாய்ப் பகுதிக்குள் புகுந்தது. மறுநாளே பிரிட்டனும் பிரான்சும் நடுநிலையாளர் போல ஓர் இறுதி எச்சரிக்கை விடுத்தன: இரு தரப்புப் படைகளும் கால்வாயிலிருந்து பத்து மைல் தள்ளி விலகிச் செல்ல வேண்டும், இல்லையென்றால் நாங்கள் தலையிடுவோம் என்றன. மேலோட்டமாகப் படித்தால் நியாயமாகத் தெரியும். ஆனால் நிலப்படத்தை விரித்து வைத்துப் படித்தவர்களுக்கு ஒன்று உறுத்தியது. இஸ்ரேலியப் படையின் பெரும்பகுதி கால்வாய்க்கு இன்னும் வெகு தொலைவிலேயே நின்றது. எனவே அந்த நிபந்தனைப்படி இஸ்ரேல் பின்வாங்க வேண்டியதில்லை, இன்னும் முன்னேறலாம். தாக்கப்பட்ட எகிப்துதான் தன் சொந்த மண்ணில் பின்வாங்க வேண்டும். போரை நிறுத்த வந்தவர்கள் இப்படி ஒரு நிபந்தனையை ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி லண்டன் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. இஸ்ரேல் தாக்கப்போவது முன்கூட்டித் தெரியாது என்று பிரதமர் ஈடன் டிசம்பர் 20 அன்று அவையில் கூறினார். அது பொய். அக்டோபர் 24 அன்றே பாரிஸ் நகருக்கு வெளியே செவ்ர் என்ற இடத்தில் ஒரு வீட்டில் மூன்று நாடுகளின் பிரதிநிதிகளும் கூடி, யார் எப்போது தாக்குவது, யார் எப்போது எச்சரிக்கை விடுப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தாளை அழித்துவிட ஈடன் ஆள் அனுப்பினார். பிரிட்டனின் பிரதி அழிந்தது, இஸ்ரேலிடம் இருந்த பிரதி தப்பியது.

இதில் நான் பார்க்கச் சொல்வது, சந்தேகம் பிறந்த இடத்தை. அது உளவாளி கொண்டுவந்த இரகசியத்தில் பிறக்கவில்லை; எல்லோர் முன்னும் படிக்கப்பட்ட ஓர் அறிக்கையின் சொற்களுக்கும் களத்தில் படைகள் நின்ற இடத்துக்கும் இருந்த பொருத்தமின்மையில் பிறந்தது. குற்றச்சாட்டும் அளவோடு இருந்தது: இந்த மூன்று அரசுகள், இந்த ஒரு கால்வாய், இந்த சில நாட்கள். ஈரானிலும் அப்படித்தான். 1951-இல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய ஒரு பிரதமரை 1953 ஆகஸ்டில் இறக்குவது என்ற குறுகிய நோக்கம், அதற்கென்று சிலர், அவர்கள் விட்டுச் சென்ற தாள்கள். குரல்பதிவில் வருவதை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே செய்பவர் யார் என்பதற்கு ‘அவர்கள்’ என்பதற்கு மேல் விடை இருக்காது; நோக்கம் ‘உலகத்தை ஆள்வது’ என்பதாக இருக்கும்; மறுப்பு வந்தால் மறுப்பே சான்றாகிவிடும், மறுப்பு வராவிட்டால் மௌனம் சான்றாகிவிடும். எது நடந்திருந்தால் இது பொய் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டால் விடை இல்லாத ஒரு கூற்றை, சந்தேகம் என்ற மதிப்பான பெயரால் நான் அழைக்க மாட்டேன்.

பெரியப்பாவிடம் பேசும்போது மறுப்பதை விட்டுவிட்டு, “அறிக்கையில் எந்த வரி பொருந்தவில்லை, காட்டுங்கள் பெரியப்பா” என்று கேளுங்கள். நாளிதழை வரி விடாமல் படிக்கிறவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

பதில்: குன்னூர், தேயிலைத் தரகு நிறுவனத்தில் பணியாற்றியவர்

ஆசிரியர் ஐயா அரசியலைச் சொன்னார். நான் விலையைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலையில் உலக அரசியல் பற்றிய ஊகம் பெரும்பாலும் விலையில்தான் தொடங்குகிறது, அதுவும் “இதனால் யாருக்கு ஆதாயம்?” என்ற ஒரே கேள்வியில். ஆதாயம் அடைந்தவரைக் கண்டுபிடித்துவிட்டால் செய்தவரையும் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்குத்தான்.

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கிக்கொண்டது என்றாலும் அதற்குள் செடிகள் பட்டினி கிடந்துவிட்டன. 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த அந்நாட்டின் தேயிலை உற்பத்தி 2022-இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. அந்த ஆண்டில் இந்தியத் தேயிலை ஏற்றுமதி கூடியது. உடனே எங்கள் வட்டாரத்தில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கியது: இலங்கையைக் கவிழ்க்க இந்தியாதான் அந்தத் தடையைப் போடவைத்தது என்று. ஆதாயம் நமக்கு வந்தது உண்மைதான். ஆனால் இயற்கை வேளாண்மைக்கு மாறுவோம் என்பது 2019 தேர்தலிலேயே அந்நாட்டின் அதிபர் அளித்த வாக்குறுதி. பத்தாண்டில் செய்வதாகச் சொன்னதை ஒரே நாளில் செய்யவைத்தது அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. மக்களின் உடல்நலத்துக்காக என்று மேடையில் சொன்னதற்குக் கீழே வேறொரு நோக்கம் இருந்தது என்று சந்தேகித்தவர்கள் சரியாகவே சந்தேகித்தார்கள். அதைக் காட்ட உளவுக் கதை எதுவும் தேவைப்படவில்லை. இலங்கை மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிட்ட கையிருப்புக் கணக்கு போதுமானதாக இருந்தது.

இதையே நம் வீட்டுக் கதையிலும் பார்க்கலாம். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, தில்லி கொழும்போடு இரகசிய பேரம் பேசி நம்மை விற்றுவிட்டது என்று பேசாத தேநீர்க் கடை இல்லை. பேரம் இருந்தது, ஆனால் இரகசியமாக இல்லை. இந்திய இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தானது, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலையைக் குறைந்த வரியில் அனுமதிப்பது என்று அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச்சில். விலை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அந்த உடன்பாட்டை எதிர்த்துப் போராடியதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய சரிவையும் அதன் தலையில் கட்டியதில் நியாயம் இல்லை. ரூபாய்க் கணக்கில் நம் தூளை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் 1991-இல் மறைந்தபின் அந்தச் சந்தையை நம்பியே இருந்ததும், தரத்தைக் கவனிக்காமல் அளவைப் பெருக்கியதும் இதைவிடப் பெரிய காரணங்கள். அவற்றைப் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஏலத்தில் ஒரு வாரம் விலை விழுந்தால், நாங்கள் முதலில் பார்ப்பது அந்த வாரம் எவ்வளவு வரத்து, இலை ரகமா டஸ்ட் ரகமா, ஏலத்துக்கு வைத்த தொகுதிகளில் (லாட்) எத்தனை விற்காமல் திரும்பியது என்பவற்றைத்தான். நல்ல மழைக்குப் பின் கொழுந்து பெருகி வரத்து கூடியிருந்தால் விளக்கம் அங்கேயே முடிந்துவிடும். அங்கே முடியாவிட்டால்தான் மாஸ்கோவைப் பற்றியோ வாஷிங்டனைப் பற்றியோ யோசிப்போம்.

பதில்: காட்டேரி, விவசாயி

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். 2021 டிசம்பர் 8 அன்று எங்கள் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ஹெலிகாப்டரைப் பற்றி இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் எங்களிடம் “உண்மையில் என்ன நடந்தது?” என்று கேட்கிறார்கள். சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த அதில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினான்கு பேர் இருந்தார்கள். பதின்மூவர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி பெங்களூரு மருத்துவமனையில் உயிர்விட்டார். எங்கள் மக்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடிய நேரத்தில், உடல்கள் அடையாளம் காணப்படுவதற்கு முன்பே, அந்நிய நாட்டின் சதி என்று சமூக ஊடகங்களில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 2020 ஜனவரியில் தைவானின் படைத் தலைமைத் தளபதியும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார், ஆகவே இரண்டையும் செய்த கை ஒன்றே என்பது அவர்கள் காட்டிய சான்று.

அந்த மதியம் இங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது மூடுபனி. பர்லியார் பள்ளத்திலிருந்து ஏறி வரும் பனி, கண் இமைக்கும் நேரத்தில் எதிர்மேட்டை மறைத்துவிடும். ஹெலிகாப்டர் அதற்குள் நுழைந்து மறையும் காணொளியை நாடே பார்த்தது. 2022 ஜனவரியில் வெளியான முப்படை விசாரணையின் முடிவும், எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் சென்று விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்ததே காரணம் என்றது. இயந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பட்டியலில் இந்த விபத்துக்கு நேரே விமானக் குழுவின் மனிதத் தவறு என்று பதிவானது. சுருக்கத்தை மட்டும் வெளியிட்டு நிறுத்திக்கொண்டது ஊகத்துக்கு இடம் கொடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. முழு விவரம் கேளுங்கள், நானும் உடன் கேட்கிறேன். ஆனால் எரிந்துகொண்டிருந்த இடத்தில் நின்றவர்களிடம் வந்து, நீங்கள் பார்த்தது நாடகம் என்று சொல்லாதீர்கள்.

பதில்: சேரம்பாடி, தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர்

பெரியவர்கள் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தாள் வெளிவரும்வரை காத்திருங்கள் என்பது போல ஆசிரியர் ஐயாவின் பதில் ஒலிக்கிறது. செவ்ர் ஒப்பந்தம் வெளிவந்தபோது சூயஸில் செத்தவர்கள் எழுந்து வரவில்லை. பேச்சு நடக்கும் அறைக்குள் நம்மை ஒருநாளும் விடாதபோது, கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சந்தேகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதில் பாதிக்கு ரஷ்ய எண்ணெய் வாங்கியதைக் காரணமாகக் காட்டியது. அதே எண்ணெயை வாங்கும் சீனாவுக்கு அந்தக் காரணத்தால் அப்படி ஒரு வரி போடவில்லை. உள்நோக்கம் இருக்கிறது என்று சொல்ல இன்னும் ஐம்பது ஆண்டு நான் காத்திருக்க வேண்டுமா?

பதில்: உதகை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

காத்திருக்க வேண்டாம் அம்மா. நீங்கள் இப்போது செய்ததைத்தான் நான் செய்யச் சொல்கிறேன். அவர்களே வெளியிட்ட ஆணையில் சொன்ன காரணத்தை எடுத்து, அது எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிறதா என்று பார்த்தீர்கள். பொருந்தவில்லை என்று காட்டினீர்கள். சொல்லப்பட்ட காரணம் போதாது என்ற அளவில் அந்த முடிவு உறுதியானது. உண்மையான காரணம் இன்னதுதான் என்று அடுத்த அடி வைப்பதற்கு மட்டும் கூடுதல் சான்று வேண்டும்.

ஈராக்கும் இதற்குச் சான்று. 2003 மார்ச் 7 அன்று, படையெடுப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதே ஐ.நா. பாதுகாப்பு அவையில் எழுந்து, நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று அறிவித்தார். ஆயுத ஆய்வுக் குழுத் தலைவர் பிளிக்ஸ் தமக்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று அதே அவையில் கேட்டார். இரண்டும் மறைக்கப்படவில்லை. அன்றைக்கே அவற்றைப் படித்தவர்கள் அன்றைக்கே அந்தப் போரை எதிர்க்க முடிந்தது. உலக நகரங்களின் தெருக்களில் இலட்சக்கணக்கானவர்கள் எதிர்க்கவும் செய்தார்கள். உங்கள் பெரியப்பா ஈராக்கைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: சேரம்பாடி, தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர்

ஐயா, இந்த விளக்கத்தை ஏற்கிறேன். எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது அதற்கு நெருக்கமானது.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையால், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த எங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து, இங்கே சேரம்பாடிக் குடியிருப்பில் நான் வளர்ந்த காலம்வரை, இதற்குப் பின்னால் தில்லி என்ன வாங்கிக்கொண்டது என்பதே எங்கள் பேச்சு. சீனாவோடு 1962-இல் போர் நடந்த பிறகு அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது என்பார்கள். அதற்கு ஆதாரம் உண்டு, வரலாற்றாசிரியர்களும் எழுதுகிறார்கள். அதற்கு மேல் சொன்ன கதைகளுக்கு அளவே இல்லை.

நான் அந்த உடன்படிக்கையை வேலைக்குப் போன பிறகுதான் படித்தேன். சில பக்கங்கள்தான் இருக்கும். திரும்புகிறவர்கள் தங்கள் சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் உட்பட எல்லாச் சொத்துகளையும் எடுத்துச் செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அதில் இருக்கிறது. என் பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதிக்கான படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினார். அந்தப் பணத்தை அவரிடமிருந்து மறைத்த இரகசிய நோக்கம் எதுவும் இல்லை. அது அச்சில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, எங்கள் லயத்தில் அதை வாசித்துக் காட்ட ஒருவரும் வரவில்லை. அவ்வளவு காலம் கதவுக்குப் பின்னால் நடந்ததையே பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது கதவுக்கு வெளியே ஒட்டப்பட்டிருந்ததைப் படித்துச் சொல்லியிருந்தால் என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கட்டபெட்டு வாசகி

அனைவருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் நேற்று மாலை 1956 எச்சரிக்கையின் கதையைச் சொன்னேன். சினாய் நிலப்படம் வேண்டும் என்று கேட்டார், எடுத்துக் கொடுத்திருக்கிறேன். குன்னூர் ஐயா, வாராந்தர ஏல விவரத்தில் வரத்தும் விற்காத லாட்டும் எந்த இடத்தில் இருக்கும் என்று ஒரு பழைய அறிக்கையைக் குறியிட்டுக் காட்டினால், எடைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். சேரம்பாடி அக்கா, அந்த உடன்படிக்கையின் தமிழ் வடிவம் உங்களிடம் இருந்தால் இங்கே பதியுங்கள். இல்லையென்றால் ஆங்கில வடிவத்தையாவது அனுப்புங்கள், நானே தமிழில் எழுதித் தருகிறேன். எங்கள் ஊருக்குக் கீழே உள்ள குடியிருப்பில் அதைக் கேட்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.